ராகு காலத்தில் திரும்பி வந்த கிணறு

போன வெள்ளிக்கிழமை, எலப்புள்ளியில் எங்கள் கிணறு பக்கத்து வயலுக்குக் குடிபெயர்ந்தது. யாரும் தூக்கவில்லை... எல்லாம் செயற்கைக்கோள் புண்ணியம்!

டிஜிட்டல் நில அளவைக்கு அன்று காலை பதினொரு மணிக்கு வருவதாக சர்வேயர் முதல் நாளே போனில் சொன்னார். அண்ணன் பதறிவிட்டார்.

"ஏனுங்க சார், அது ராகு காலமுங்களே! மத்தியானம் எமகண்டம் வேற. பொழுது சாயட்டுங்க, அளந்துக்கலாம்."

சர்வேயர் நல்ல மனிதர். சரியென்று, சூரியன் மறைந்த கையோடு வந்தார். செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும் ரிசீவர் மாட்டிய கம்பைக் கிணற்றோரம் ஊன்றினார். திரையில் எல்லைக்கோடு ஏற்கெனவே இருந்தது. கிணற்றின் புள்ளி அந்தக் கோட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்தது — பக்கத்து வயல் பொன்னுச்சாமி பக்கம்!

அந்தத் தண்ணீர் இல்லையென்றால் எங்களுக்கு இரண்டாம் போகம் இல்லை. அண்ணனின் பஞ்சாங்கத்தை நக்கலடிக்கும் எனக்கும் சோறு வேண்டுமே.

"மெஷின் பொய் சொல்லுமுங்களா?" என்றார் பொன்னுச்சாமி. போனில் நம்பர் போடவே மகளைக் கூப்பிடுகிறவர், திடீரென்று விஞ்ஞானத்தின் பக்கம்!

சர்வேயர்தான் உதட்டைப் பிதுக்கினார். "புள்ளி ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதுங்க. மேல அயனோஸ்பியர் கலங்கியிருக்கு. இதைப் பதிய முடியாது. காலைல வர்றேன்."

அதென்ன அயனோஸ்பியர்? நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில், சூரியன் மின்னேற்றி வைத்திருக்கும் காற்றடுக்கு. செயற்கைக்கோள் சிக்னல் அதைக் கடந்துதான் வரவேண்டும். அடுக்கு கலங்கினால் சிக்னல் தடுமாறும், தூரக் கணக்கு தப்பும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நமக்கு, பொழுது சாய்ந்த பிறகுதான் இந்தக் கூத்து அதிகமாம்.

ஆக, ராகுவுக்குப் பயந்து ஓடி, மறைந்துபோன சூரியனிடம் மாட்டிக்கொண்டோம். பஞ்சாங்கத்தில் அயனோஸ்பியருக்கு ஒரு கட்டம் போடக்கூடாதா?

மறுநாள் காலை பத்து மணி. அதே கம்பு, அதே இடம். புள்ளி அசையாமல் எங்கள் பக்கம் உட்கார்ந்தது.

பொன்னுச்சாமி விடுவாரா?

"சனிக்கெழம பத்து மணி... ராகு காலமாச்சுங்களே. இது செல்லுங்களா?"

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அட போங்க! இந்தக் காலத்துல போயி ராகு காலம், எமகண்டம்னுட்டு..."

வானம் தெளிய ஒரு ராத்திரி ஆனது. அண்ணன் தெளிய அரை நிமிஷம்!