பெருந்துறைக்கு ஒரு கொம்பு, பேரூருக்கு ரெண்டு

காங்கேயத்துத் தேங்காயெண்ணெய் மில்லில் பழனாத்தாளுக்குக் கொப்பரை காயவைக்கிற வேலை. நாற்பத்திரண்டு வயதுவரை அவள் பென்சிலைத் தொட்டதில்லை. தொண்ணூற்றிரண்டில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மில்லுக்குள்ளேயே எழுத்து வகுப்பு ஆரம்பித்தபோது, சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போய் உட்கார்ந்தாள்.

பாடம் நடத்தியது சுலோசனா. பன்னிரண்டாவது முடித்த பக்கத்துத் தெருப் பெண். ஒருநாள் பலகையில் 'பெ' என்று எழுதி, "முன்னால நிக்குதே, இது ஒற்றைக்கொம்புங்க்கா" என்றாள்.

பழனாத்தாளுக்குக் காளையின் கொம்பு தெரியும், அவரைக்கொடிக்கு நட்ட கொம்பு தெரியும், மாரியம்மன் நோம்பியில் ஊதுகிற கொம்பும் தெரியும்.

"எழுத்துக்குமா அம்மணி கொம்பு மொளைக்குது?"

"மொளைக்குதுங்க்கா. மேல இன்னொரு சுழி சுழிச்சா ரெட்டைக்கொம்பு. அப்ப அது 'பே'."

அன்று முழுக்கக் கொப்பரையைத் துழாவிக்கொண்டே தரையில் விரலால் சுழித்துப் பார்த்தாள்.

ஐப்பசியில் ஒரு காலை, வாசலில் இரண்டு லாரிகள் நின்றன. ஒன்று பெருந்துறைக்கு, இன்னொன்று பேரூருக்கு. எண்ணெய் டின்களில் ஊரின் முதல் எழுத்தை மட்டும் மையால் எழுதியிருந்தார்கள். ஆட்கள் அவசரமாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்க வந்த பழனாத்தாள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, பெருந்துறை வண்டியில பேரூர் டின்னு ஏறுதுங்க!"

மேனேஜர் சென்னகிருஷ்ணனுக்குக் கோபம் வந்தது. "கொப்பரை காயப்போடறவ எனக்குச் சொல்ல வந்துட்டியா? நாலு எழுத்துப் படிச்சதும் கொம்பு மொளைச்சிருச்சா?"

அவள் முகம் சிவந்தது. ஆனாலும் நகரவில்லை.

"எனக்கில்லீங்க. டின்னுலதானுங்க மொளைச்சிருக்குது. ரெண்டு கொம்பு. நீங்களே வந்து பாருங்க."

முனகிக்கொண்டே வந்து குனிந்தவர், அடுத்தடுத்த டின்னையும் திருப்பிப் பார்த்தார். அறுபது டின்கள் மாறி ஏறியிருந்தன. அப்படியே போயிருந்தால் வடக்கே ஒரு கடையும் மேற்கே ஒரு கடையும் தீபாவளிச் சரக்கில்லாமல் நின்றிருக்கும்.

"இறக்குங்கடா!" என்று கத்தியவர், அவள் பக்கம் திரும்பினார். "அவசரத்துல பேசிப்போட்டேன் பழனாத்தா. மனசுல வெச்சுக்காதே. நாளையிலிருந்து டின்னு ஏத்தறப்ப நீயும் வந்து நில்லு."

சரியென்று தலையாட்டினாள். சந்தோஷத்தில் அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் கேட்காமல் பஸ் ஏறினாள். கோயமுத்தூரில் இறங்கி, ஒவ்வொரு டவுன் பஸ்ஸின் போர்டையும் வாய்க்குள் எழுத்துக்கூட்டி, இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாள். கணபதி என்கிற பகுதியில், லேத் பட்டறைகளுக்கு நடுவே, மகள் சுப்பாத்தாளின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அம்மா! ஆரு கூட்டியாந்தாங்க?" மகள் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"நானேதான் வந்தேன் கண்ணு," என்று செருப்பைக் கழற்றினாள் பழனாத்தாள். "தண்ணி கொண்டா. அந்த பஸ்ஸுல ஒரே புழுக்கம்."