கோணச் சுவருக்கு இப்பால்

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மா,

இதை வாசிப்பவர் யாராக இருப்பினும், தாங்கள் என் எதிரே ஒரு நாற்காலியில் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டே எழுதுகிறேன். சென்ற வாரம் என் மகள் உள்ளங்கையில் அடங்கும் ஒலிபெருக்கி ஒன்றை வாங்கி வந்தாள். அதை எங்கள் சந்தாபுரா குடியிருப்பின் சமையலறையில், ஃபிரிட்ஜின் மேல், இரு சுவர்கள் கூடும் மூலையில் வைத்தாள். பாட்டு தொடங்கியதும் பானைக்குள் தலையை விட்டு யாரோ இருமுவது போன்ற ஓசை எழுந்தது.

"மூலையிலேர்ந்து எடும்மா, பாஸ் ஊதுது" என்றேன், பாட்டின் கனத்த அடியோசை வீங்குவதைச் சொல்லி.

"அப்பா, இது ப்ளூடூத்துப்பா. இதுக்கு மூலை கீலையெல்லாம் கெடையாது."

நான் வாயை மூடிக்கொண்டேன். மூலைகளைக் குறித்து எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்லத் தொடங்கினால் அடுப்பிலிருந்த சாம்பார் வற்றிப்போகும். ஆனால் மனம் வாயைப்போல் அல்லவே. அது அன்று முழுவதும் காக்ஸ் டவுனில் எங்கள் பழைய வீட்டு முன்கூடத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

அது எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற ஓட்டு வீடு. முன்கூடம் நல்ல நீள்சதுரம். தெருப்பக்கச் சுவரின் நடுவில் பெரிய சன்னல். அதற்கு நேர் எதிரே, பின்சுவரின் நடுவில், மாதா சுரூபம் வைத்த மாடம். சன்னலின் இருபுறமும், பிற்பாடு ஆளுக்கொரு கதவு வைத்துக்கொள்ள இடமிருந்தது. அக்கூடத்தில் ஞாயிறு பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்த பிறகு, அண்ணனும் நானும் தரையில் படுத்து வானொலி கேட்போம். மெழுகுவத்தி வாசமும் கோழிக்குழம்பின் வாசமும் கலந்து ஒரு மயக்கம் வரும். அண்ணன் கோயில் பாடற்குழுவில் அடிக்குரல் பாடியவர். எல்லோரும் பாட்டின் மேற்பரப்பைக் கேட்கும்போது அவர் அதன் அடியில் ஓடுவதைக் கேட்பார். மூக்காலேயே அதனோடு முனகுவார். எனக்கோ அந்த வயதில் பாட்டு என்றால் சொற்கள்தாம்.

தாயாரும் காலமான பின்னர் வீட்டைப் பங்கிட வேண்டியதாயிற்று. பங்குக்கோயில் பெரியவர்கள் மூவர் வந்து நூல் பிடித்து அளந்தார்கள். சன்னல் எனக்கு, மாடம் அண்ணனுக்கு என்று முடிவாயிற்று. ஆனால் இரண்டுமே நட்ட நடுவில் இருந்தன. நேராகச் சுவர் எழுப்பினால் சன்னலும் பிளக்கும், மாதாவின் மாடமும் பிளக்கும். மாதாவை இரண்டாக்க எவருக்குத் துணிவு வரும்? ஆகவே அவர்கள் வெகுநேரம் யோசித்து, சன்னல் முழுதாக என் பக்கமும் மாடம் முழுதாக அவர் பக்கமும் விழும்படி, கூடத்தின் குறுக்கே கோணலாக ஒரு சுவரை இழுத்தார்கள். பரப்பளவு அணுப் பிசகாமல் சமம். அத்தனை நியாயமான சுவரை நான் பிறகு எங்கும் கண்டதில்லை. அந்த நியாயத்தின் பயனாக என் அறை தெருப்பக்கம் அகன்று பின்பக்கம் குறுகிற்று. அண்ணனுடையது தெருப்பக்கம் குறுகிப் பின்பக்கம் அகன்றது. கட்டில் போட்டால் அலமாரி நிற்காது, அலமாரி நின்றால் ஆள் நடக்க முடியாது.

எங்களுக்குள் பெரும் சண்டை நடந்ததாக அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சுவர் தன் பக்கம் சாய்ந்துவிட்டதாக அவர் யாரிடமோ சொன்னார். என் பக்கம் சாய்ந்துவிட்டதாக நானும் யாரிடமோ சொன்னேன். இரண்டும் போய்ச் சேர வேண்டிய இடத்திற்குப் போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் அவர் செருப்பைப் பார்ப்பார், நான் மின்கம்பத்தைப் பார்ப்பேன்.

அப்போது நான் ஒரு தொலைபேசித் தொழிற்சாலையில் பாகங்கள் பூட்டும் பிரிவில் இருந்தேன். அண்ணன் நெசவாலையில், தறிகளின் நடுவே. படிப்பு எனக்குப் பத்தாம் வகுப்போடு நின்றிருந்தாலும் கை சும்மா இராது. ஞாயிறு பழம்பொருள் சந்தையில் பெரிய ஒலிபெருக்கிக் கூம்புகள் இரண்டைப் பொறுக்கியெடுத்து, ஒட்டுப்பலகையில் இடுப்புயரப் பெட்டிகள் செய்து பூட்டினேன். அவற்றை நான் செய்த காரணத்தைத் தங்களிடம் ஒளிப்பதற்கில்லை. அண்ணனால் ஒரே ஒரு பொருளைத்தான் மறுக்க இயலாது; அது நல்ல ஓசை. என் அறையில் பாட்டு அத்தனை சுத்தமாகக் கேட்டுவிட்டால், என்றாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தம் கதவைத் திறந்து, என் கதவுக்கு வந்து, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிடுவார் என்று நம்பினேன். அவர் உட்கார ஒரு பிரம்பு நாற்காலிகூட வாங்கிப் போட்டிருந்தேன்.

பெட்டிகள் நன்றாகத்தான் இருந்தன. அறைதான் இடம் தரவில்லை. அகன்ற பக்கத்தில் பெட்டிகளை வைத்தால், கனத்த ஓசையெல்லாம் வடிகாலில் மழைநீர் ஓடுவதுபோல் குறுகிய பக்கம் போய்த் தேங்கி வீங்கிற்று. குறுகிய பக்கத்தில் வைத்தால் பாடுகிறவர் கிணற்றுக்குள் விழுந்து பாடினார். ஒரு பெட்டியின் அருகே நேர்ச்சுவர், மற்றதன் அருகே கோணச்சுவர். ஆகையால் பாட்டு எப்போதும் ஒரு பக்கமாகவே இழுத்தது, ஒரு காலில் மட்டும் செருப்பணிந்தவன் நடையைப் போல. பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கில நூல் வாங்கி, அகராதியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு படித்தேன். கேட்பவர் நாற்காலியில் இருக்க, வேறொருவர் சுவரோரமாக ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டு போக வேண்டுமாம். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் பெட்டி தெரிகிறதோ, அந்த இடத்திலிருந்துதான் ஓசை பட்டுத் திரும்புகிறது. அங்கே மெத்தென்ற எதையாவது மாட்ட வேண்டும்.

கண்ணாடி பிடித்தவள் என் மனைவி ஸ்டெல்லா.

"தெரியுதா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம் தள்ளு."

"இப்போ?"

"இப்போ உன் மூஞ்சிதான் தெரியுது."

"கல்யாணமாகி இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான் நேரா பாக்குறீங்க. நல்லா பாத்துக்குங்க."

நேரான அறையில் பெட்டி தெரியவேண்டிய இடத்தில் எங்கள் அறையில் நாட்காட்டி தெரிந்தது. கோணச்சுவரின் அந்தக் கடைசியில், எதிர்பாராத ஓரிடத்தில்தான் பெட்டி தெரிந்தது. முட்டை அட்டைகளை ஒட்டிப் பார்த்தேன். பல்லிகள் குடியேறினவே தவிர ஓசையில் ஒரு மாற்றமும் இல்லை. கோணிப் பைகளை மாட்டினேன்; வீடு அரிசி மண்டி போல் நாறிற்று. முடிவில் சிவாஜிநகர் மெத்தைக் கடைக்குப் போனேன். அங்கிருந்த பாய் என்னைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்க சார். கல்யாணமா? பொண்ணா, மாப்ளையா?"

"செவுத்துல மாட்டணும் பாய்."

"மெத்தையவா? செவுரு தூங்குமா சார்?"

"சத்தத்த அடக்கணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வூட்ல ரொம்ப சண்டையா?" என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டு, கெட்டியான இலவம்பஞ்சு மெத்தைகளாகவே தேர்ந்து கொடுத்தார்.

கோணச்சுவர் நெடுகிலும் மெத்தைகளை மாட்டி, குறுகிய மூலையையும் பஞ்சால் அடைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை, வீக்கம் வடிந்துவிட்டது. பாடுகிறவர் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே எழுந்து நின்று பாடினார். அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஸ்டெல்லா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றாள். நான் பிரம்பு நாற்காலியைத் துடைத்து, நடுவில் இழுத்துப் போட்டேன்.

மறுவாரம் அண்ணி வந்தார்கள். அவர்கள் மட்டும் சில சமயம் வருவதுண்டு; வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

"தம்பி, பொட்டிய வித்துட்டீங்களான்னு கேக்கச் சொன்னாரு."

"இல்லியே அண்ணி. ஏன்?"

"போன ஞாத்திக்கெழம ஒண்ணுமே வரலியாம். மொத எல்லாம் செவுத்துல டும்முடும்முன்னு வருமாம். இப்ப அதுவும் இல்லன்னாரு."

ஐயா, நான் திரும்பி மெத்தை மாட்டிய கோணச்சுவரைப் பார்த்தேன். அந்தச் சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். என் அறையைக் கெடுத்த அந்த வீக்கம்தான் செங்கலை ஊடுருவி அவரிடம் போய்க்கொண்டிருந்தது. அறையைச் சீர்செய்கிறேன் என்று அவருக்குச் சேர்ந்துகொண்டிருந்த அந்தக் கொஞ்சத்தையும் நானே மெத்தை போட்டு மூடியிருந்தேன்.

அண்ணி போனதும் மெத்தைகளைக் கழற்றினேன்.

"என்னாங்க, இப்பத்தானே நல்லா கேட்டுச்சு?" என்றாள் ஸ்டெல்லா.

"நமக்குக் கேட்டுச்சு" என்றேன்.

இரண்டு பெட்டிகளையும் கோணச்சுவரை ஒட்டித் தள்ளி, முதுகு செங்கலில் படும்படி வைத்தேன். நூலில் எதையெல்லாம் செய்யலாகாது என்று எழுதியிருந்ததோ, அதையெல்லாம் முறையாகச் செய்தேன். பாட்டு சகிக்க முடியாததாயிற்று. சன்னல் கம்பிகள் அதிர்ந்தன. நாட்காட்டி சுவரில் தட்டிற்று. ஒலிநாடாவின் ஒரு பக்கம் முடிந்து, நான் திருப்பிப் போடச் சற்றுத் தாமதித்தபோது, அப்பாலிருந்து சுவரில் 'தொம்' என்று ஓர் இடி விழுந்தது.

"போச்சு. உங்கண்ணனுக்குக் கோவம் வந்துடுச்சு."

"கோவமில்லடி. கேட்டுனு இருக்காரு. சீக்கிரம் திருப்பிப் போடுன்றாரு."

ஞாயிறு தவறாமல் இது பல ஆண்டுகள் நடந்தது. அண்ணியிடம் நான் கேட்காத முறையில்லை. "வெறும் சத்தத்த எதுக்கு அண்ணி கேக்கணும்? ஒரு தடவ வந்து இங்க உக்காரச் சொல்லுங்க. அன்னிக்கு மட்டும் மெத்தைய மாட்டிடுறேன்" என்பேன். அவர்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சொல்றேன் தம்பி" என்பார்கள். பதில் ஒருபோதும் வராது. அவர் பிடிவாதம் அறிந்தவனாதலால் நானும் அதைப் பிடிவாதம் என்றே எண்ணியிருந்தேன்.

அண்ணன் இறந்த அன்றுதான் அவருடைய பாதிக்குள் முதன்முறையாக நுழைந்தேன். மாதாவின் மாடத்தில் விளக்கு எரிந்தது. கோணச்சுவரை ஒட்டி ஒரு மர நாற்காலி, சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அதற்குப் பின்னால், தோள்களும் தலையும் படும் உயரத்தில், சுண்ணாம்பு தேய்ந்து செங்கல் தெரிந்தது. தலை எண்ணெய் வட்டமாகக் கறுத்திருந்தது. நான் அதைப் பார்ப்பதை அண்ணி பார்த்தார்கள்.

"அவருக்குக் காது போயி ரொம்ப வருசமாச்சு தம்பி. தறிச் சத்தத்துல போனது. நாங்க பேசுறதெல்லாம் உதட்டப் பாத்துதான். செவுத்துல சாஞ்சிக்கினா முதுகுல கேக்குதுன்னுவாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா அண்ணி?"

"சொல்லாதன்னுட்டாரு. தெரிஞ்சா அவன் பாட்டு போடறத நிறுத்திடுவான்னாரு."

நிறுத்தியிருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன், விடை தெரியவில்லை. அவர் வந்து உட்கார்ந்திருந்தாலும், நான் அத்தனை பாடுபட்டுச் சேர்த்த சுத்தத்தில் ஒரு துளியும் அவர் செவியில் இறங்கியிருக்காது என்பது மட்டும் தெரிகிறது.

பிறகு அண்ணி மகனோடு போய்விட்டார்கள். ஸ்டெல்லாவும் போய்ச் சேர்ந்தாள். பெட்டிகளின் கூம்புகளைக் கறையான் தின்றது. வீட்டின் இரு பாதிகளும் ஒரே கட்டடக்காரர் கைக்குப் போயின. அவருடைய ஆட்கள் முதலில் இடித்தது அந்தக் கோணச்சுவரைத்தான். ஒற்றைச் செங்கலாதலால் எளிதில் விழுந்தது. ஒரு பிற்பகல் முழுவதும் அந்தக் கூடம் மீண்டும் நீள்சதுரமாக, சன்னலும் மாடமும் நேருக்கு நேராக, நின்றது. எந்த ஒலிபெருக்கிக்கும் ஏற்ற அறை. அங்கே இசைக்க ஒன்றுமில்லை, கேட்க ஆளுமில்லை. மாலையில் ஓடுகளை இறக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்று அவ்விடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. கூடமிருந்த தரையில் கார்கள் நேர்கோட்டில் நிற்கின்றன.

அண்ணனின் பிள்ளைகளுக்கும் என் மகளுக்கும் தெரிந்ததெல்லாம் நாங்கள் இருவரும் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை என்பது மட்டுமே. அது பொய்யன்று, ஆனால் முழுவதும் அதுவே அன்று. அதை அவர்களுக்கு எடுத்துச்சொல்ல என் நாவுக்கு வரவில்லை. ஆகையால், ஐயா, அம்மா, இந்தத் தாள்களை எறிந்துவிடாமல் தங்களிடம் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.