சாந்த சொரூபி அல்ல, எங்கள் முனி அண்ணன்

முனி அண்ணன் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவன், அதே மூச்சில் என் போட்டோவையும் கேட்டான்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம். மலையடிவாரத்தில் இருக்கும் என் பூஜைச் சாமான் கடைக்கு முன்னால் காவடிகள் நகர முடியாமல் நின்றிருந்தன. ஒரு கையில் விபூதிப் பாக்கெட், மறு கையில் கற்பூர டப்பா, தோளுக்கும் காதுக்கும் நடுவில் செல்போன். "சார், டிங்கரிங் பட்டறை முனிரத்தினம் அண்ணன் காலைல தவறிட்டாருங்க. நெஞ்சு வலி. பேனர் அடிக்கக் குடுத்துகினு இருக்கேன். கீழ் வரிசையில உங்க போட்டோவும் போட்டுடலாம். சிரிச்ச மாதிரி ஒண்ணு அனுப்புங்க" என்றான். பேசியவன் பழைய கார் புரோக்கர். செத்தவருக்கான பேனரில் நான் எதற்குச் சிரிக்க வேண்டும் என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டான். அவன் இவன் என்று மரியாதை இல்லாமல் எழுதுகிறேனே என்று நினைப்பவர்கள், கடைசிவரை படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள்.

கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, கூட்டத்தைப் பிளந்து அரக்கோணம் சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது உடலை எடுத்துவிட்டிருந்தார்கள். பட்டறை பூட்டியிருந்தது. பேனர் மட்டும் நின்றது. அதில் முனி அண்ணன் ஒரு மூலையில், ரேஷன் கார்டில் இருக்கிற அளவுக்கு. நடுவில் புரோக்கர், கறுப்புக் கண்ணாடி போட்டு, கும்பிட்டபடி முழு உயரத்துக்கு. 'சாந்த சொரூபியே, பண்பின் சிகரமே' என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே 'பழைய கார்கள் வாங்க, விற்க' என்று அவனுடைய செல் நம்பர். என் போட்டோ இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அவனுக்கு நன்றி.

நம் வியாபாரிகள் சங்கத்து மலருக்கு, அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுது என்று என்னிடம் சொன்னார்கள். பத்தாவதோடு நின்றவனிடம் கேட்டால் இப்படித்தான் வரும். நல்லதாகத்தான் எழுதப்போகிறேன். ஆனால் சாந்த சொரூபி என்று எழுதமாட்டேன். அவரிடம் வண்டி விட்டவர்கள் அத்தனை பேரும் சொல்லுங்கள், அவர் என்றைக்குச் சாந்தமாக இருந்தார்? பட்டறை வாசலில் ஹாரன் அடித்தால் திட்டுவார். அடிக்காமல் காத்து நின்றால், வாயில்லையா என்று திட்டுவார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பல் வலியாக இருக்குமோ என்று ஒருமுறை கடையிலிருந்து கிராம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். கிராம்பை வாங்கிக்கொண்டு, அதற்கும் திட்டினார்.

என் கதைக்கு வருகிறேன். என் மகள் யாழினிக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. பஸ் புகையும் தூசும் அவளுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதால், பள்ளிக்கூடம் கூட்டிப்போக ஒரு பழைய கார் வாங்குவதென்று முடிவு செய்தோம். சித்திரை வெயிலில், இதே புரோக்கரிடம் போய் வாங்கினேன். மழை ஒழுகுமா என்று பார்க்க அதைவிட நல்ல காலம் வேறு ஏது? டயரை உதைத்துப் பார்த்தேன். ஹாரன் அடித்துப் பார்த்தேன். உள்ளே மல்லிகை வாசனை கமகமவென்று இருந்தது. ஒரு காருக்குள் எதற்கு இவ்வளவு மல்லிகை என்று எனக்குத் தோன்றவில்லை. சந்தனமும் ஊதுபத்தியும் விற்கிறவன் மூக்கு, வாசனை என்றால் நம்பிவிடும்.

வாங்கிய கையோடு கோயிலில் பூஜை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், பானெட் முழுக்கச் சாமந்தி மாலை. பூஜை போட்ட மாலையைக் கையால் கழற்றக் கூடாது, காய்ந்து தானாக விழ வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம். இந்த ஊரில் பாதி வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன. என் காரும் வாடிய மாலையோடு பெருமையாக ஓடியது.

முதல் மழையில் யாழினி பின்னால் இருந்தபடி காலைத் தூக்கிக்கொண்டாள். "நைனா, கீழ சில்லுனு இருக்குது." குனிந்து கையை வைத்தால் கார்பெட் சொதசொதவென்று இருந்தது. மல்லிகைக்குப் பின்னால் ஒளிந்திருந்த இன்னொரு வாசனையும் அன்றுதான் வெளியே வந்தது. புரோக்கருக்குப் போன் செய்தேன். "ஏசி தண்ணி சார், எல்லா வண்டிக்கும் வரும்" என்றான். இருந்தாலும் பெரிய மனது பண்ணி நேரில் வந்து, முன்கண்ணாடிக்கு அடியில் கண்ட இடத்திலெல்லாம் சிலிகான் பசையைப் பிதுக்கிவிட்டுப் போனான். பிறந்தநாள் கேக் மாதிரி இருந்தது. அடுத்த மழையில் தண்ணீர் இரண்டு பங்கானது. நான் என் பங்குக்குச் சீட்டுக்கு அடியில் கற்பூரம் போட்டேன்.

அந்த வாரம் யாழினியால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. முட்டியைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். மருந்தை இழுப்பாள், இரண்டு வார்த்தை பேசுவாள், நிறுத்துவாள். எந்தப் புகையிலிருந்து காப்பாற்ற இந்தக் காரை வாங்கினேனோ, அதைவிட மோசமான ஒன்றுக்குள் அவளைத் தினமும் உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை.

யாரோ சொல்லி முனி அண்ணனிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. பின் கதவைத் திறந்தார், தலையை உள்ளே விட்டார், வெளியே எடுத்தார்.

"யாரு இருமறது?"

"என் பொண்ணு அண்ணா."

"கற்பூரம் நீதான் வெச்சியா?"

"ஆங்... வாசனைக்கு."

அவ்வளவுதான். "ஏன்டா, உள்ள பூஞ்சை புடிச்சு நாறிகினு கெடக்குது. அது மேல புள்ளய உக்கார வெச்சு, அதுக்கு வாசனை வேற காட்டறியா? அந்தப் புள்ள மூச்சு உனக்கு வெளையாட்டாப் போச்சா?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. எதிர் டீக்கடையில் கிளாஸ்கள் பாதியில் நின்றன. என்னை அப்பாவும் அப்படித் திட்டியதில்லை, வாத்தியாரும் திட்டியதில்லை. திட்டிக்கொண்டே சீட்டுகளைக் கழற்றி வெளியே வைத்துவிட்டார். கார்பெட்டை உரித்தார். அதன் அடியிலிருந்த பஞ்சைப் பிழிந்தபோது தேநீர் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. அதை என் செருப்பின் மேல் பிழிந்தார், வேண்டுமென்றேதான்.

பிறகு, கடையிலிருந்து விபூதி கொண்டுவா என்றார். பூஜை போடப்போகிறார் என்று நினைத்து நல்ல விபூதியாகக் கொண்டுபோனேன். உடைந்த பாக்கெட் போதாதா என்று அதற்கொரு திட்டு. உள்ளே தரைத் தகரத்தை நன்றாகத் துடைத்து, காயவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து கதவு ஓரம்வரை விபூதியைத் தூவினார். சாமி விஷயம் அண்ணா என்று இழுத்தேன். "சாமிக்கும் கொஞ்சம் வேலை குடுப்போம்" என்றார். என்னை உள்ளே உட்காரவைத்து, டார்ச்சைக் கையில் கொடுத்து, வெளியிலிருந்து டியூபில் தண்ணீர் விட்டார். மெதுவாக, முதலில் கதவின் அடியில். அங்கே இல்லை என்று உறுதியான பிறகு கதவுக் கண்ணாடி. அங்கும் இல்லை என்றால்தான் அதற்கு மேல். "எடுத்த எடுப்புல மேல ஊத்தினா எல்லா எடமும் நனைஞ்சிடும். எது பொய், எது நெசம்னு எப்படித் தெரியும்?" என்றார். முன்கண்ணாடியின் அடிப்பக்கம் வந்ததும், வெள்ளை விபூதியில் கறுப்பாக ஒரு கோடு மெல்ல ஊர்ந்து வந்து என் கால் அருகே நின்றது. நான் கத்தினேன். கத்தாதே, கோட்டைப் பார் என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

வைப்பருக்குக் கீழே சல்லடை மாதிரி ஒரு கறுப்பு மூடி இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். கண்ணாடியில் விழும் மழையெல்லாம் அதற்குள்தான் இறங்கி, ஓரத்துத் துளை வழியாக ரோட்டுக்குப் போகும். அந்த மூடியைக் கழற்றினார். உள்ளே என் சாமந்தி மாலை. எனக்கு முன்னால் அந்தக் காரை வைத்திருந்தவர்களின் மாலைகளும் இருந்திருக்க வேண்டும். எல்லாம் அழுகி, டீத்தூள் மாதிரி அடைத்துக் கிடந்தன. துளையின் வாயில் புரோக்கரின் சிலிகான். தண்ணீர் வெளியே போகிற வழியைத்தான் அவன் ஓட்டை என்று அடைத்திருக்கிறான். போக இடமில்லாத தண்ணீர், காற்று வருகிற வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது.

"சாமிக்கு மாலை போட்டா, வாடினதும் ஐயரு எடுக்கறாரா இல்லையா? காருக்குப் போட்டா மட்டும் ஏன்டா அழுக வுடற?" கடையில் வண்டி மாலை வாங்குகிற ஒவ்வொருவரிடமும் இப்போது நான் அதைச் சொல்கிறேன். பாதிப் பேர் என்னை நாத்திகன் என்கிறார்கள். துளையைக் குத்தித் திறந்துவிட்டு அவர் சொன்னதையும் சொல்கிறேன்: "தண்ணிய அடைக்கப் பாக்காத. அது போவ வழி வுடு."

கார்பெட் சுவரில் காய்ந்துகொண்டிருந்தபோது புரோக்கர் இனிப்பு டப்பாவோடு வந்தான். அண்ணன் பார்த்த வண்டி என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள அனுமதி கொடுத்தால், இனிமேல் தன்னுடைய வண்டிகளையெல்லாம் இந்தப் பட்டறைக்கே அனுப்புவதாகச் சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றேன். முனி அண்ணன் அன்று கத்தவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. அழுகிய பூவைப் பழைய பெயின்ட் டப்பாவில் அள்ளி வைத்திருந்தார். அதை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாரு. இதத்தான் இவன் பொண்ணு தெனம் மோந்துகினு இருந்துது. என் பேரு எந்த வண்டி மேலயும் உன் வாயில வரக் கூடாது."

இனிப்பு டப்பாவை நான்தான் திருப்பிக் கொடுத்தேன். மைசூர்பாக். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

கார் காய்ந்தது. கனகம்மாசத்திரத்திலிருந்து ஒருநாள் அடைமழையில் திரும்பினோம். யாழினி பின்சீட்டில் வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டபடி வழியெல்லாம் தூங்கினாள். இது மற்றவர்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியாது. நான் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். மறுநாள் அதை முனி அண்ணனிடம் சொல்லப் போனால், இதைச் சொல்லவா கடையை விட்டுவிட்டு வந்தாய் என்று விரட்டினார். ஆனால் அதற்குப் பிறகு மழை பெய்த மறுநாளெல்லாம், டீக்கடையில் என்னைப் பார்த்ததும் வணக்கத்துக்குப் பதிலாக ஒன்று கேட்பார்: "பாப்பா காலு நனைஞ்சுதா?" இல்லை அண்ணா என்பேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

அந்த மனிதரைத்தான் பேனரில் சாந்தமாக்கி வைத்திருக்கிறான்.

காரியம் முடிந்த மறுநாள் புரோக்கரின் இடத்தைத் தாண்டி நடந்து வந்துகொண்டிருந்தேன். அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு தறிக்காரர், கைக்குழந்தையோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு, ஒரு கார் பார்க்க வந்திருந்தார். "கண்ண மூடிகினு எடுங்க பாவா. பாவம், முனி அண்ணன் கடைசியாப் பாத்து ஓகே சொன்ன வண்டி இது" என்று புரோக்கர் சொன்னது என் காதில் விழுந்தது.

நான் சண்டைக்காரன் இல்லை. சில்லறை குறைவாகக் கொடுத்தாலும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போடுகிறவன். அன்று எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. உள்ளே போய்க் கார் கதவைத் திறந்து கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கினேன். அடியில் காய்ந்துதான் இருந்தது. சில நாளாக மழை இல்லை. பையில் எப்போதும் கிடக்கிற விபூதியை அங்கே கொட்டிவிட்டு, காரைக் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரைத் தூக்கிக் கூரை மேல் ஊற்றினேன். பாதி என் வேட்டியில். உள்ளே ஒரு சொட்டு இல்லை. புரோக்கர் சிரித்தான். "சார் துக்கத்துல இருக்காரு" என்று தறிக்காரரிடம் சொன்னான்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் முனி அண்ணன் என்னைத் திட்டுவது கேட்டது. எடுத்த எடுப்பில் மேலே ஊற்றியிருக்கிறேன். வாளியில் மிச்சமிருந்ததைச் சொம்பில் மொண்டு, கதவின் அடியிலிருந்து ஆரம்பித்தேன். மெதுவாக. பிறகு கதவுக் கண்ணாடி. புரோக்கர் என் கையைப் பிடித்தான். உதறினேன். வைப்பருக்குக் கீழே சிலிகான் பளபளத்தது. அங்கே ஊற்றினேன், நிறுத்தினேன், காத்திருந்தேன். தறிக்காரர் குனிந்து பார்த்தபடியே இருந்தார்.

"ஏம்மே, இங்க வந்து பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். விபூதியில் கறுப்புக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா கோட்டைப் பார்த்தார். குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். தறிக்காரர் பின்னாலேயே போனார். செத்தவர் பெயரால் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டேன் என்று புரோக்கர் கத்தினான். செத்தவர் பெயரால் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று நானும் கத்தினேன். என் தொண்டைக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. வரும் வழியில் அந்தப் பேனரையும் அவிழ்த்துவிட்டேன். யார் அவிழ்த்தது என்று தேடுகிறவர்கள் கஷ்டப்பட வேண்டாம்.

அவருடைய வேலை எனக்கு வராது. கையும் வராது, பொறுமையும் வராது. காரின் டேஷ்போர்டு டப்பாவில் உடைந்த விபூதிப் பாக்கெட் ஒன்று வைத்திருக்கிறேன். அதைத் தவிர அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கோபத்தையும், அந்த ஒரு கேள்வியையும்தான்.

நேற்று நல்ல மழை. இன்று காலை டீக்கடை முன்னால் ஒரு பழைய கார் வந்து நின்றது. முன்பின் தெரியாத ஒருவர் இறங்கினார். பின்சீட்டில் பள்ளி உடையில் ஒரு குழந்தை.

"பாப்பா காலு நனைஞ்சுதாங்க?" என்றேன்.

"உனக்கு இன்னாத்துக்குய்யா அது?" என்றார்.

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். எனக்குக் கோபம் வந்தது.