மாம்பலத்தில் ஏறிய நொண்டி ஆடு

மேற்கு மாம்பலத்தில் மலைக்கு எங்கே போவது? ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையத்துக்குப் போகும் ஆகாய நடைபாதை ஒன்று இருக்கிறது. அதன் படிகளில்தான் நானும் என் ஓர்ப்படியும் இமயமலை ஏறப் பழகினோம்.

ஓர்ப்படியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அறுபது வயது, ஒரு முழங்கால் தகராறு. "சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது பனியக் கையால தொடணும்டி" என்பாள். "ஆசை இருக்கு தாசில் பண்ண" என்று ஆரம்பித்த என் கணவர், அவள் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கிவிட்டார். எங்களை இமயமலைக்குக் கூட்டிப் போகிற மலையேற்றக் குழுக்காரர்களோ, கால் இடறினால் பாதியிலேயே கீழே அனுப்பிவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

ஆளுக்கொரு முதுகுப் பையில் இட்லி அரிசியைக் கட்டிக்கொண்டு தினமும் காலையில் ஏறி இறங்குவோம். படிக்கட்டின் கீழே பூ விற்கும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "டெய்லி மூட்டையக் கட்டிக்கினு கெளம்புறீங்க, டெய்லி திரும்பி வர்றீங்க. வூட்ல எதுனா சண்டையா?" நாங்கள் சிரித்த சிரிப்பில் அரிசிப் பையோடு படியில் உட்கார்ந்துவிட்டோம்.

அக்காவைப் படியேற்ற நான் கண்டுபிடித்த மருந்து, நாங்கள் போகவிருந்த மலைப்பாதையின் வரலாறு. செல்போனில் படித்ததைச் சொல்வேன். அது திபெத்து உப்பு வந்த வழி. ஆட்டின் முதுகில் இரண்டு பக்கமும் சின்ன மூட்டை கட்டி, மந்தையாகக் கணவாய் தாண்டி ஓட்டி வருவார்களாம். வியாபாரம் நின்ற பிறகு மேய்ப்பவர்கள் நடந்தார்கள். இப்போது எங்களைப் போன்ற பைத்தியங்கள்.

ஒரு வாரத்துக்குள் வரலாறு தீர்ந்துவிட்டது. படிகள் தீரவில்லை. அதனால் மந்தையின் கடைசியில் ஒரு நொண்டி ஆட்டைச் சேர்த்தேன். ஒரு நாள் அது ஆற்றில் விழுந்தது, ஒரு நாள் ஓநாயை ஏமாற்றியது. மேல்படிக்கு வந்தால்தான் மீதிக் கதை. அக்கா மூச்சிரைக்க ஏறினாள்.

நிஜமாகவே மலைக்கும் போய்விட்டோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. கணவாய்க்கு முந்தின நாள் சாயங்காலம் கூடாரத்திலிருந்து எட்டிப் பார்த்தால், வழிகாட்டியின் முன்னால் அக்கா நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தாள். போச்சு, முழங்கால் போச்சு, நாளைக்குக் கீழே அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். கேட்டால் ஒன்றுமில்லை என்று படுத்துவிட்டாள்.

மறுநாள் கடைசி ஏற்றத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். மேலே பனி வெள்ளையாகத் தெரிந்தது.

"முடியலடி. நீ தொட்டுட்டு வா."

நான் விடுவேனா? "அக்கா, அந்த நொண்டி ஆடும் இதே கல்லுலதான் உக்காந்துச்சாம்."

"புளுகாத. நேத்தே அந்த வழிகாட்டிகிட்டக் கேட்டுட்டேன். என் இந்தி அவனுக்குப் புரியல, நொண்டி நடந்தே காட்டினேன். அப்படி ஒரு ஆடே கிடையாதாம்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"சரி, கல்லுல உக்காந்துச்சு. அப்புறம் என்ன ஆச்சு? நடந்துகிட்டே சொல்லு."