நாய்க்கு மட்டும் பெயர் போட்ட பலகை

டென்மார்க்கில் இக்காஸ்ட் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம் அது. பார்க்கவென்று அங்கே இருப்பது எண்ணூறு வருடத்துக் கல் தேவாலயம், இறக்கை போன காற்றாலை, மூடிக் கிடக்கும் பாற்சாலை, பிறகு பழைய தையல் பக்டரி. வரலாற்றுச் சங்கம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் புதுப் பலகை நட்டிருந்தது. சனிக்கிழமை திறப்பு விழா. அதற்குப் பொரித்த ரோல்ஸ் அறுபது பரமேஸ்வரியிடம் கேட்டிருந்தாள் சங்கத்துக் கிர்ஸ்டன், அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி.

வெள்ளி பின்னேரம் முட்டை வாங்கி வரும் வழியில் பரமேஸ்வரி பக்டரிக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தினாள். பதினேழு வருடம் அவள் டீசேர்ட்டுக்குக் கழுத்துத் தைத்த இடம். பலகைப் படத்தில் முதலாளி, காலடியில் நாய், பின்னால் அவளையும் சேர்த்து எட்டுத் தமிழ்ப் பெண்கள். கீழே: ‘முதலாளி ஹோல்கர், அவருடைய நாய் பெல்லா, வெளிநாட்டுப் பணியாளர்கள்.’

வீட்டுக்கு வந்து முட்டைப் பெட்டியைப் போட்ட வேகத்தில் இரண்டு உடைந்தது.

“ஆரோடயப்பா கோவம்?” என்றார் கணவர் சபாரத்தினம்.

“நாய்க்குப் பேர் போட்டிருக்கினம். எங்களுக்கு இல்லை.”

“விடப்பா. பழைய படம். ஆர் பாக்கப்போயினம்?”

“செத்துப்போன கிளோறியாவும் அதில நிக்கிறாள். அவளின்ர பேரப்பிள்ளையள் அந்த றோட்டாலதான் பள்ளிக்கூடம் போகுதுகள். அந்த நாய் என்ர சாப்பாட்டுப் பெட்டியத் திண்ட நாய்! அதுக்கு மரியாதை!”

சபாரத்தினம் போனுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்.

அவள் வேலிக்கு மேலால் கிர்ஸ்டனைக் கூப்பிட்டு டேனிஷில் பிடித்தாள்.

“பெயர்கள் யாருக்கும் தெரியவில்லையே” என்றாள் கிர்ஸ்டன்.

“ரோல்ஸ் கேட்க என் கதவு தெரிந்தது. பெயர் கேட்கத் தெரியவில்லையா?”

“பலகை அச்சடித்தாயிற்று. நாளைக்கு விழா.”

“அப்போ ரோல்ஸ் இல்லை. பெல்லாவிடம் கேள், பொரித்துத் தரும்.”

மறுநாள் காலை கிர்ஸ்டன் ஒட்டுத்தாளோடு வந்து நின்றாள். பரமேஸ்வரி கிளோறியாவில் தொடங்கி எட்டுப் பெயரையும் முழுசாக எழுதினாள்.

“நீளமாக இருக்கிறதே. சுருக்கலாமா? இடம் போதாது.”

“நாயின் பெயருக்கு மேலே ஒட்டு. இடம் வரும்.”

கிர்ஸ்டன் முகம் சிவக்கப் போனாள். ஒட்டிய பலகையின் படம் போனுக்கு வந்தது. பரமேஸ்வரி பெரிதாக்கி, எட்டையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். அதற்குப் பிறகுதான் தாச்சியில் எண்ணெய் ஊற்றினாள்.

“விழா பதினொரு மணிக்கப்பா, இப்பவே பத்தே முக்கால்” என்றார் சபாரத்தினம்.

“எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கட்டும்.”