வாங்காதே என்று சொன்ன அட்டை

நேசையன் மாஷை ஆரியசாலைக் கடைத்தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. மாஷ் என்றால் அங்கே வாத்தியார்; தம்பானூர் பக்கம் ஒரு டுட்டோரியல் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் அவர் டீக்கடையில் வந்து நின்றால் யாரோடாவது தர்க்கம் நிச்சயம். சங்கம் இல்லாமல் ஒரு மூட்டைகூட லாரியிலிருந்து இறங்காத திருவனந்தபுரத்தில், மனிதர்கள் வாங்குவதிலும் விற்பதிலும் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்டுக்கொண்டு திரிந்தவர் அவர். "அமெரிக்காக்காரன் வாறான்" என்று கேலி செய்வார்கள். அமெரிக்காவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவருடைய கொள்கை களியக்காவிளை சோதனைச்சாவடியில் பிறந்தது.

அவர் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் தமிழ்நாட்டு அரிசியைக் கேரளத்துக்குக் கொண்டுபோகத் தடை. அவருடைய அம்மா சேலைக்குள் அரிசிப்பையைக் கட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போய் விற்றுவிட்டு வருவாள். ஒருநாள் பிடித்துவிட்டார்கள். பையைக் கிழித்து அரிசியை ரோட்டில் கொட்டினார்கள். மண்ணோடு மண்ணாக அவள் அதை அள்ளக் குனிந்தபோது முதுகில் லத்தி விழுந்தது. விற்க ஒருத்தி இருக்கிறாள், வாங்க ஒருத்தி பசியோடு காத்திருக்கிறாள், நடுவில் நிற்கிறவன் யார்? பட்டம் வாங்கி, வழுக்கை விழுந்த பிறகும் நேசையன் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்காகவே "அக்கரைச்சந்தை" என்று ஒரு மாத இதழ் நடத்தினார். ஆரியசாலையில் மிளகு, மல்லி மொத்த வியாபாரம் செய்த நாகேஸ்வரன் அச்சுக்குக் காகிதம் கொடுத்துவந்தார். மூட்டை இறக்கும் சுமட்டுத் தொழிலாளர் சங்கத்தை மாஷ் திட்டுவதைப் படிப்பதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். ஆனால் மாஷ் சினிமா, பாட்டு, துணிமணி பற்றியும் எழுதினார். எது நல்ல ரசனை என்று ஒரு கமிட்டி உட்கார்ந்து தீர்மானிப்பதும் எந்த அரிசி எங்கே போகலாம் என்று தீர்மானிப்பதும் ஒரே திமிர்தான் என்பது அவர் கட்சி.

அப்படி எழுதப்போய்த்தான் பேச்சியிடம் பழக்கமானது. சங்கரன்கோயில் பக்கத்துக்காரி. ஓட்டல் வேலைக்கு வந்த கணவன் மஞ்சள்காமாலையில் போன பிறகு, பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி நடைபாதையில் வளையல், கிளிப், பிளாஸ்டிக் ரோஜா விற்று மகளைப் படிக்கவைத்தாள். அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் ரோஜாவைப் பற்றி மாஷ் ஒரு கட்டுரை எழுதினார். கட்டட வேலைக்குப் போகிற பெண் ஞாயிற்றுக்கிழமை அதைத் தலையில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிறாளே, அவளைப் பார்த்து முகம் சுளிக்க நமக்கு என்ன யோக்கியதை என்று கேட்டிருந்தார். பேச்சிக்கு அதை வாசித்துக் காட்டியபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங் கடையப் பத்தியுமா சார் புஸ்தகத்துல போடுவாவ?"

தொண்ணூற்று ஒன்பதில் நடைபாதையை ஒழுங்குபடுத்தும் கார்ப்பரேஷன் திட்டம் வந்தது. வழியோர வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர் மைதீன் அலையாய் அலைந்து ஒரு சமரசம் செய்துகொண்டு வந்தார். சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு அட்டை கிடைக்கும். அட்டையில் குறித்த இடத்தில், குறித்த சாமானை மட்டும் விற்கலாம். மற்றவர்கள் எழுந்துவிட வேண்டும். பேச்சிக்குப் பூவும் கற்பூரமும் என்று குறித்திருந்தார்கள்.

அவள் நேராக மாஷிடம் வந்தாள்.

"பூக்கடை ஏற்கெனவே நெறையக் கெடக்கு சார். கிளிப்பு விக்கக் கூடாதாம். என்ன செய்யட்டும்?"

"வாங்காதே" என்றார் மாஷ். "இன்னைக்கி என்ன விக்கணும்னு சொல்லுவான். நாளைக்கி அந்த அட்டையை எவனாவது பணக்காரன் வாங்கி வாடகைக்கு விடுவான். அந்த இடம் நீ உக்காந்து உண்டாக்குன இடம் பேச்சி. கோர்ட்டுக்குப் போவோம். நான் இருக்கேன்."

"நீங்க சொன்னாச் சரி சார்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மாஷின் மனைவி ஜெயபாய் அவரிடம் கேட்டாள்: "கேஸு தோத்துப்போனா ஒங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வரும். அவளுக்கு?"

"தோக்காது."

"நான் கேட்டது அது இல்ல."

வழக்குப் போட்ட செய்தி பரவியதும் நாகேஸ்வரன் ஆளனுப்பிக் கூப்பிட்டார். "என்ன மாஷே இது? நடைபாதை காலியானா எங்க கடைக்கு ஆள் ஏறும்னு நாங்க காத்துக் கெடக்கோம். நீங்க எங்க ஆளில்லியா?"

"நான் வியாபாரத்துக்க ஆளு. ஒங்களுக்கு உள்ள உரிமை அவளுக்கும் உண்டு."

"அப்போ அவளே காகிதம் தரட்டும்."

"அக்கரைச்சந்தை" அத்தோடு நின்றது. மாஷ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹைக்கோர்ட் இருக்கிற எறணாகுளத்துக்கு ரயிலேறி ஏறி வக்கீலைப் பார்த்தார். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் நேராகப் பேச்சியிடம் போய் ஜெயித்துவிடுவோம் என்றார். அவளும் நம்பினாள்.

வழக்குத் தள்ளுபடியானது. பொதுவழியில் உட்காரத் தனிநபருக்கு உரிமை கிடையாது, வேண்டுமானால் அட்டை வாங்கியிருக்கலாமே என்று தீர்ப்பில் இருந்தது.

கார்ப்பரேஷன் வண்டி வந்தபோது நல்ல மழை. அட்டைக்காரர்கள் பழைய இடத்திலேயே தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியின் பலகையையும் குடையையும் பெட்டிகளையும் தூக்கி வண்டியில் போட்டார்கள். மாஷ் வண்டிக்குக் குறுக்கே போய் நின்று, "அப்பீல் போறோம், கொஞ்சம் பொறுங்க, அப்பீல் போறோம்" என்று கத்தினார். ஒருவன் அவரைத் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினான். ஒரு பெட்டி வாய் பிளந்து வளையல்கள் சாக்கடை ஓரம் சிதறின. பேச்சி குனிந்து அள்ளினாள். மாஷும் குனிந்து அள்ளப் போனார்.

"விடுங்க சார்" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "ஒடஞ்சிட்டு."

மறுநாளே மாஷ் சங்க அலுவலகத்துக்குப் போனார். வாழ்நாளெல்லாம் எதை எதிர்த்து எழுதினாரோ, அதைக் கேட்டுத்தான் போனார்.

"ஒரு அட்டை மட்டும் மைதீன். பூவோ கற்பூரமோ, எது வேணா ஆகட்டும்."

மைதீன் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது. "மாஷே, நான் அவளுக்க வீடு வரை போய்க் கெஞ்சினேன், கேட்டோ? மாஷ் வேண்டாம்னு சொல்லிட்டாருன்னு அனுப்பிட்டா. இப்போ லிஸ்ட்டு எல்லாம் அடைச்சாச்சு. என்னால இனி ஒண்ணும் செய்யப் பற்றாது."

"நான் சங்கத்தைத் தப்பா எழுதினேன்னு எழுதித் தாறேன். கையெழுத்துப் போடுறேன்."

"அய்யோ, எழும்புங்க மாஷே" என்றார் மைதீன் பதறிப்போய். மாஷ் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வருஷத்துக்குள் மாஷ் சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது. அட்டைகள் கைமாறின. பேச்சியின் பழைய இடத்தில் இரும்புப் பெட்டிக்கடை வைத்து, அட்டைக்காரர் உள்வாடகைக்கு விட்டார். புதிதாகப் பிழைக்க வந்த ஒருத்தருக்கும் இடமில்லை. "நீங்க சொன்னதுதானே நடந்திருக்கு" என்று ஆறுதலாகத்தான் ஜெயபாய் சொன்னாள். மாஷ் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். தன் எண்ணம் தப்பென்று தெரிந்திருந்தால் அதைத் தலைமுழுகிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். சரி என்று தெரிந்ததுதான் அவரைத் தின்றது. கல்லூரியில் பாடத்தை மட்டும் நடத்தினார். டீக்கடையில் யாராவது வம்புக்கு இழுத்தால் காசு கொடுத்துவிட்டு நடந்தார்.

பேச்சியின் மகள் படிப்பை விட்டு ஒரு துணிக்கடையில் நின்றாள். பேச்சி கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்காக எழும்பிய அடுக்குமாடிக் கட்டடத்தில் சித்தாள் வேலைக்குப் போனாள். மாஷ் விசாரித்துக்கொண்டு அங்கே போனார். அவசரக் கட்டடம் என்பதால் விடுமுறை நாளிலும் அங்கே வேலை நடந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமை சபை ஆராதனைக்குப் போகாமல் அங்கேயே போகத் தொடங்கினார். ஒருமுறை ஆப்பிள், ஒருமுறை அவள் மகளுக்கு ஒரு சுரிதார் துணி, ஒருமுறை வெறுங்கை. தகரத் தட்டி ஓரமாக நின்று, சாந்துச் சட்டியோடு அவள் பலகைச் சரிவில் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். டவுனிலேயே ஒரு கடைவாசல் கேட்டுத் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொன்னார். கேட்கவும் செய்தார். நாகேஸ்வரன் உட்பட ஒருவரும் கொடுக்கவில்லை.

கடைசியாகப் போன அன்று பேச்சி சட்டியை இறக்கி வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடி அவரிடம் வந்தாள்.

"சார், இனி வராதிய."

"பேச்சி, நான் உனக்கு..."

"ஒங்க மேல ஒரு வருத்தமும் இல்ல. நீங்க இங்கன வந்து நின்னா, இவ யாரோடயோ பேசிட்டு நிக்கான்னு மேஸ்திரி கூலியப் பிடிக்கான். பெறகு இந்த வேலையும் போயிரும். போய்ட்டு வாங்க சார்."

அவள் மறுபடி சட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள். மாஷ் நெடுஞ்சாலைக்கு வந்தார். டவுனுக்குள் கிழக்கேகோட்டைக்குப் போகும் பஸ் வந்து நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்ததும் போனது. எதிலும் ஏற அவருக்குக் கால் எழவில்லை.