முகாமின் முதல் வாய்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் ‘விழிப்புணர்வு’. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு உதவும் ஒரு அறிவியல் சங்கத்தில் அவர் மக்கள் தொடர்பு அலுவலர். ஆராய்ச்சி என்றதும் கண்ணாடிக் குழாயும் மைக்ராஸ்கோப்பும் உங்கள் நினைவுக்கு வரும். அதெல்லாம் பின்கட்டடத்தில் ஒரு ஓரமாக நடக்கும். முன்கட்டடம் முழுக்க அத்தானின் ராஜ்ஜியம். பேனர், தொப்பி, பேனா, சாவிக்கொத்து என்று எதைத் தொட்டாலும் ‘சீக்கிரம் கண்டுபிடி, சிரித்து வாழ்’ என்ற வாசகம் இருக்கும். எழுதியவர் அவரேதான். அதற்கு ஒரு கேடயம் வேறு கொடுத்தார்கள். ஷோகேஸில் இடமில்லாமல் அக்கா அதை ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறாள்.

சங்கத்தின் ஆராய்ச்சி வாய்ப்புற்றைப் பற்றியது. அங்கங்கே முகாம் போட்டு, வருகிறவர்களின் வாயைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் சதையில் சின்னத் துணுக்கு எடுத்துப் பின்கட்டடத்துக்கு அனுப்புவார்கள். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அங்கேதான் சம்பளம். முகாமில் நாற்காலி போடுவதும், வரிசையில் நிற்பவர்கள் அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு.

முகாமுக்கென்று ஒரு சம்பிரதாயம் உண்டு. வாயைத் திறக்க ஜனங்கள் கூச்சப்படுவார்கள் என்று அத்தானே முதல் ஆளாக நாற்காலியில் உட்கார்ந்து ஆவென்று திறப்பார். டாக்டர் டார்ச் அடிப்பார். போட்டோக்காரர், “டாக்டர், கொஞ்சம் இந்தப் பக்கம்” என்பார். டாக்டர் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார். படம் எடுத்ததும் எல்லோரும் கை தட்ட, அத்தான் எழுந்துவிடுவார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ டாக்டர்கள் அந்த வாய்க்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். ஒருத்தராவது உள்ளே பார்த்தாரா? ரிப்பன் வெட்ட வருகிறவர் அந்தக் கட்டடத்துக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பாரா என்ன, அந்த மாதிரிதான்.

ஆண்டறிக்கையின் அட்டையிலும் அவர் வாய்தான். ஒரு தடவை அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாநாட்டு மேடைக்குப் பின்னால் கட்டினார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு வாய். அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு மெத்தப் படித்தவர்கள் நாள் முழுக்க வாய்ப்புற்றைப் பற்றிப் பேசினார்கள். பின்வரிசையில் பொழுது போகாமல் உட்கார்ந்திருந்த அக்கா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

“கன்னத்துக்குள்ள வெள்ளையா ஒண்ணு தெரியுதே, என்னங்க அது?”

“ஃப்ளாஷ் வெளிச்சம்.”

“வெளிச்சம் போய்க் கன்னத்துல ஒட்டிக்குமா?”

“எத்தனை முகாம்ல காட்டியிருக்கேன். இந்த நாட்டுலயே அதிகமா டெஸ்ட் பண்ணின வாய் என்னோடதுதான். நீ புதுசா என்னத்தைக் கண்டுட்ட?” என்று எரிந்து விழுந்தார்.

அக்கா விடவில்லை. காரமாக எதைத் தின்றாலும் அவர் கண்ணில் நீர் கட்டுகிறது, ஒரு பக்கமாகவே மெல்லுகிறார் என்று என்னிடம் புலம்பித் தீர்த்தாள். நானும் கேட்டுப் பார்த்தேன். சங்கத்தின் துண்டுப் பிரசுரம் ஒன்றை என் கையில் திணித்துவிட்டு, “படிச்சுப் பாரு, எல்லாம் அதுல இருக்கு” என்று போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அங்கேயே கிழித்துப் போட்டேன்.

போன முகாமுக்கு ஒரு புது டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். சம்பிரதாயத்தை அவருக்குச் சொல்லித்தர எல்லோரும் மறந்துவிட்டார்கள். அத்தான் வழக்கம்போல உட்கார்ந்து ஆவென்றார். டாக்டர் டார்ச் அடித்தார்.

“டாக்டர், கொஞ்சம் இந்தப் பக்கம்,” என்றார் போட்டோக்காரர்.

டாக்டர் திரும்பவில்லை.

“டாக்டர், இங்க பாருங்க.”

“இருங்க, நான் இங்க பாத்துட்டு இருக்கேன்.”

போட்டோக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சங்கத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தட்டுவதற்குத் தூக்கிய கைகளை ஜனங்கள் மெதுவாக இறக்கிக்கொண்டார்கள். டாக்டர் கையுறை விரலால் கன்னத்தின் உட்புறத்தை அழுத்திப் பார்த்தார். அத்தானின் முகம் வெளிறிவிட்டது.

“இதுல ஒரு துணுக்கு எடுக்கணும். இன்னைக்கே.”

“நான் ஸ்டாஃப், டாக்டர்.”

“ஸ்டாஃப்னா?”

கேட்டுக்கொண்டே டாக்டர் துணுக்கை எடுத்துப் பின்கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார்.

புற்றுதான். ஆரம்பக் கட்டம், ஆனாலும் கன்னத்தில் கத்தி வைத்தாக வேண்டும் என்றார்கள். சங்கத்துக்கோ வாயெல்லாம் பல். ‘நம் முகாம் காத்த உயிர்’ என்று பேனருக்கு வாசகம்கூடத் தயார். ஆபரேஷனுக்கு முன்னால் சிரித்த மாதிரி ஒரு படம் வேண்டும் என்று தலைவர் போட்டோக்காரரோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அக்கா வாசலோடு திருப்பி அனுப்பினாள். உள்ளே உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

ஆபரேஷனுக்குக் கூப்பிடுவார்கள் என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்ததை நான் கொட்டிவிட்டேன்.

“ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் வாயைத் தொறங்க, வாயைத் தொறங்கன்னு விரட்டுனீங்களே அத்தான், நீங்க ஒரு நாள் ஒழுங்கா ஒரு டாக்டர்கிட்டப் போயிருக்கக் கூடாதா?”

அவர் தலை நிமிரவில்லை.

“எனக்கு முன்னாடியே தெரியும். தனியா போய்க் காட்டப் பயமா இருந்துச்சு. முகாம்ல உக்காரும்போதெல்லாம் இன்னைக்காவது யாராவது பாத்துச் சொல்லிடுவாங்கன்னு நெனைச்சுத்தான் வாயைத் தொறப்பேன். யாரும் பாக்க மாட்டாங்க. அப்புறம் டாக்டரே ஒண்ணும் சொல்லலையேன்னு வீட்டுக்கு வந்து நிம்மதியா தூங்கிடுவேன்.”

நான் இவ்வளவு நாள் கேலி பண்ணின மனுஷன் மேல் அப்படி ஒரு பரிதாபம் வந்தது, அழுகையும் வந்தது. அக்கா அழவில்லை. அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“நான் பாத்தேனே,” என்றாள். “பாத்துட்டுத்தானே கேட்டேன்.”

“நீ பாத்துட்டன்னுதான் உன்மேல எரிஞ்சு விழுந்தேன்,” என்றார் அத்தான்.